அரிவாள்மணையும் ஒரு டேப்ரிக்கார்டரும்

என்னுடைய அரிவாள்மணை என்னைவிட நல்ல இடத்தில் உட்கார்ந்து மலேசியா போய்ச் சேர்ந்தது. எனக்குக் கிடைத்தது வால்பக்கம், கழிவறைக் கதவுக்கு எதிர் இருக்கை. அரிவாள்மணையோ முன்னால், பணிப்பெண்களின் அலமாரியில், கழுத்தில் பெயர்ச்சீட்டு கட்டிக்கொண்டு வந்தது.

ஈப்போவில் இருக்கும் என் அக்கா செண்பகத்துக்கு கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை. கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று அத்தான் தந்தி கொடுத்திருந்தார். குடும்பத்தில் கல்யாணம் ஆகாதவள் நான் ஒருத்திதான் என்பதால், என்னைக் கேட்காமலேயே எல்லோரும் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுக் கொடுக்கிற வேலை எனக்கு. லீவும் நிறையச் சேர்ந்து கிடந்தது. அக்கா கேட்டிருந்தது ஒரே ஒரு சாமான்தான். "இங்க கத்தியிலதான் நறுக்கணும். எனக்குக் கை வரமாட்டேங்குது. ஒரு அருவாமணை கொண்டு வா." பெட்டியின் எடை கூடிப் போனதால் அதை மட்டும் பழைய வேட்டியில் சுற்றிக் கைப்பையில் வைத்தேன். காய் நறுக்குகிற சாமானைப் பார்த்து யாராவது பயப்படுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மதராஸ் விமான நிலையத்தில் திரை போட்ட கூண்டுக்குள் ஒரு பெண் காவலர் என் பையைத் துழாவி, துணியைப் பிரித்தார்.

"இது என்னம்மா?"

"அருவாமணை."

"அது எனக்கும் தெரியும். ப்ளேன்ல எதுக்கு?"

"ப்ளேன்ல இல்லைங்க. எங்க அக்கா வீட்டுல கத்திரிக்கா நறுக்க."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. விமானக் கடத்தல் செய்திகள் பேப்பரில் அடிக்கடி வந்துகொண்டிருந்த எண்பதுகளின் பின்பாதி அது. கூரான எதுவும் பயணியின் கையில் இருக்கக் கூடாது, பணிப்பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று பொறுமையாக விளக்கினார். விதி நியாயமாகத்தான் இருந்தது. வெளியே வரிசையில் நின்ற ஒரு மனிதர்தான், "இந்தம்மா ப்ளேனைக் கடத்தி எங்க கொண்டு போகப் போறாங்க, கொத்தவால் சாவடி காய்கறி மார்க்கெட்டுக்கா?" என்று தன் மனைவியிடம் கேட்டார். அவரும் என்னோடு அதே விமானத்தில்தான் வந்தார். வழி முழுக்க நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

இறங்கும்போது பணிப்பெண் அரிவாள்மணையை இரண்டு கையாலும் ஏந்தி என்னிடம் கொடுத்தாள். கோயிலில் பரிவட்டம் வாங்குகிறவள்போல நானும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள், என்னைக் கூட்டிப்போக வந்திருந்த அத்தானோடு பேருந்தில் ஈப்போவுக்குப் புறப்பட்டேன். அத்தான் ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்தவர், தண்ணீர் இலாகாவில் கிராணி. அங்கே எழுத்தரை அப்படித்தான் சொல்கிறார்கள். பேருந்துக்கு எல்லோரும் வரிசையில் நின்றார்கள். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதில் கைதேர்ந்த எனக்கு அதைப் பார்க்கக் கை துறுதுறுவென்றது. எல்லோருக்கும் உட்கார இடம் கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வழியில் தாப்பா என்கிற ஊர் வந்ததும் பேருந்து புகைந்து நின்றுவிட்டது. சீன ஓட்டுநர் இறங்கி, முன்பக்க மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்தார். நம் ஊராக இருந்தால் குறைந்தது ஐந்து பேராவது இறங்கி அவருக்கு யோசனை சொல்லியிருப்பார்கள். இங்கே ஒருவரும் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பாட்டுக் கடையைப் பார்த்து நடந்தார்கள். நாங்களும் நடந்தோம்.

கடை ஒரு தமிழ் முஸ்லிமுடையது. ராமநாதபுரம் பக்கத்துக்காரர். ரொட்டி சானாய் என்று நம் பரோட்டாவையே கொஞ்சம் மெலிதாக வீசி, பருப்புக் குழம்போடு தந்தார்கள். தேநீரை ஓர் ஆள் தலைக்கு மேலிருந்து இடுப்புவரைக்கும் இழுத்து ஆற்றினார். பாலில் சர்க்கரை ஏற்கெனவே கரைந்திருந்ததால் எனக்குத் தித்திப்பு திகட்டியது. முதலாளி பாய் எங்கள் மேசைக்கே வந்து நின்றார்.

"ஊர்லேருந்தா வாரீங்க?"

"ஆமாங்க. திருச்சி."

"எப்பத் திரும்புறீங்க?"

நேற்று வந்து இறங்கியவளிடம் எப்போது போவாய் என்று கேட்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. அத்தான் வாய்விட்டுச் சிரித்தார்.

"அவரு ஒன்ன வெரட்டல லா, லீலா. ஒம் பொட்டியில எவ்வளவு எடம் இருக்குன்னு பாக்குறாரு."

பேச்சின் முடிவில் 'லா' சேர்ப்பது அந்த ஊர் வழக்கம். அவர் சொன்னது அப்போது எனக்குப் புரியவில்லை. ஈப்போ போன பிறகு புரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர், ரேஷன் கார்டு மாதிரி ஏதோ ஒரு அட்டையோடு வந்த பால்காரர், கோயிலில் விபூதி கொடுத்தவர், ஆஸ்பத்திரி வார்டில் தமிழ் பேசிய ஆயா என்று எல்லோரும் முதலில் ஊரைக் கேட்டார்கள், இரண்டாவதாகத் திரும்புகிற நாளைக் கேட்டார்கள். ஊருக்குப் போகிற ஆள் கையில் சாமான் கொடுத்தனுப்புவது அங்கே அவ்வளவு இயல்பு. தபால் ஆபீசை நம்பாதவர்கள்கூட, முன்பின் பார்த்திராத என்னை நம்பினார்கள். தமிழ் பேசினேன், ஊருக்குப் போகிறேன், அது போதுமாக இருந்தது.

அக்காவின் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. முதல் வாரம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். ஈப்போவில் எந்தத் தெருவிலிருந்து பார்த்தாலும் கடைசியில் ஒரு சுண்ணாம்புக் குன்று நிற்கிறது. மத்தியானம் ஆனால் மழை, மழை நின்றால் புழுக்கம். அத்தான் ஒரு நாள் சீனர் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், அவித்த கோழியும் முளைப்பயறும் வாங்கிக் கொடுத்தார். கோழியில் உப்பும் இல்லை, காரமும் இல்லை. முளைப்பயறு மட்டும் கொழுகொழுவென்று அற்புதமாக இருந்தது. ஈப்போத் தண்ணீரில்தான் அப்படி வளருமாம். தண்ணீர் இலாகாக்காரர் சொன்னதால் நம்பினேன்.

அக்கா வீடு திரும்பியதும் துணி துவைத்துக் கொடுக்க அஞ்சலை வந்தாள். பத்து காஜா என்கிற ஊருக்குப் போகிற வழியில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரத்தைக் கீறிப் பால் வெட்டுகிறவள். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் மரியாதைக்கு என்னை அக்கா என்றே கூப்பிட்டாள். காலையில் பால்வெட்டு வேலையை முடித்துக்கொண்டு, மத்தியானப் பேருந்தில் ஈப்போவுக்கு வருவாள். முதல் நாள் சமையலறையில் அரிவாள்மணையைப் பார்த்ததும் துணியை அப்படியே போட்டுவிட்டு அதன் மேல் ஏறி உட்கார்ந்து, கேட்காமலேயே பயற்றங்காயை எடுத்து நறுக்கத் தொடங்கிவிட்டாள்.

"எங்கம்மாட்ட ஒன்னு இருந்துச்சுக்கா. ஊருக்குப் போறப்ப எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"அவங்க எப்பப் போனாங்க?"

"எனக்குக் கல்யாணம் ஆன புதுசுல."

மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். எழுபதுகளின் தொடக்கத்தில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கிடைப்பது கடினமாகிவிட்டது. அவளுடைய அப்பா மாரிமுத்து அதற்கு முன் குடியுரிமைக்கு எழுதிப் போடவே இல்லை. எழுதிப் போடச் சொல்லிப் பலர் சொல்லியும், பார்க்கலாம் பார்க்கலாம் என்று இருந்துவிட்டார். கடைசியில் மனைவியையும் மகன்களையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏற வேண்டியதாயிற்று. அஞ்சலையின் புருஷன் அந்த நாட்டுப் பிரஜை. அதனால் அவள் மட்டும் தங்கிவிட்டாள். வயிற்றில் முதல் பிள்ளை. அப்பா எழுதிப் போடாமல் விட்ட கோபத்தில் கப்பலுக்கு வழியனுப்பப் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாளாம். அப்பா வெளியே நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பிறகு அம்மா ஊரில் இறந்ததும் தந்தியில்தான் தெரிந்தது.

"இன்னும் நான் கோவமா இருக்கேன்னுதான் நெனச்சிக்கிட்டு இருக்காரு. தம்பி கடுதாசி போட்டா, 'அஞ்சலை கோவம் தணிஞ்சிச்சான்னு அப்பா கேக்குறாரு'ன்னு எழுதுவான். நான் என்னத்த எழுதுறது? இங்க தோட்டத்துல ஒருத்தர் கிட்டச் சொல்லி எழுதணும், அங்க ஒருத்தர் படிச்சுக் காட்டணும். ஊரே கேட்டுறும்லா. இப்ப அவருக்குக் கண்ணும் போயிருச்சு. காது இருக்கிறப்பவே நான் சொல்லிறணும்க்கா."

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பாதித் தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய்ப் பனைக் கன்று வைத்திருந்தார்கள். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகள் பெட்டி பெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் பலகைத் தடுப்புதான். இந்த வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் நூறு வயசு சொல்வார்கள்போல இருந்தது. அவித்த மரவள்ளிக் கிழங்கும் நெத்திலிச் சம்பலும் கொடுத்தாள். காரம் உச்சந்தலைக்கு ஏறியது. ஈப்போவுக்கு வந்து நான் நன்றாகச் சாப்பிட்டது அன்றுதான்.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு டேப்ரிக்கார்டரைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். கைப்பிடி உள்ளது, பியானோக் கட்டைகள்போல வரிசையாகப் பொத்தான்கள். உள்ளே கேசட். லாரி ஓட்டுகிற புருஷனிடம் சொல்லி, அப்பாவுக்கென்றே புதிதாக வாங்க வைத்திருக்கிறாள்.

"நான் பேசி வச்சிருக்கேன்க்கா. வீட்டுல பேசினா லயத்துக்கே கேக்கும்னு பின்னால கோழிக் கூண்டுகிட்டப் போயி உக்காந்து பேசினேன். மொதல்லேருந்து வர்ற மாதிரி சுத்தி வச்சிருக்கேன். புது பேட்டரி போட்டிருக்கேன். அவரு கையில குடுத்து, இந்தப் பொத்தான அமுக்கிட்டு நீங்க வந்துருங்க. அவரு மட்டும் கேக்கட்டும்."

"நீ கவலையே படாதே. ரெண்டு பேர இணைச்சு விட்டுட்டுக் காதை மூடிக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளமே குடுக்கிறாங்க" என்றேன். துறையூர்ப் பக்கத்துக் கிராமம், திருச்சியிலிருந்து போய்வரக்கூடிய தூரம். தபாலில் அனுப்பாமல் நானே நேரில் கொடுக்கிறேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன்.

புறப்படுகிற வாரம் வீடு சந்தைக்கடைபோல ஆகிவிட்டது. கைலி, நைலான் சேலை, தைல பாட்டில், பிஸ்கட் டின், டார்ச் லைட், ஒரு ஜோடி ரப்பர் செருப்பு என்று வந்துகொண்டே இருந்தன. பெரும்பாலானவை துணியில் வைத்துச் சாக்கு ஊசியால் தைக்கப்பட்டிருந்தன. உள்ளே என்ன என்று கேட்பது மரியாதை இல்லை. தாப்பா பாய்கூட யாரிடமோ ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தார். நான் என் சேலைகளில் பாதியை அக்காவுக்கே கொடுத்துவிட்டு இடம் பண்ணினேன். அத்தான் கடைசியாக ஒரு புத்திமதி சொன்னார்.

"ஏர்போர்ட்டுல கேப்பாங்க, யாராச்சும் ஏதாச்சும் குடுத்தாங்களான்னு. இப்பல்லாம் அதக் கேக்குறாங்க. எல்லாம் என்னுதுதான்னு சொல்லிரு. இல்லன்னா சூசா."

சூசா என்றால் தொல்லை. நானும் பேருந்தில் வழியெல்லாம் 'எல்லாம் என்னுது, எல்லாம் என்னுது' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

விமான நிலையத்தில் சோதனை மேசைக்குப் பின்னால் ஒரு மலாய் அதிகாரி இருந்தார். சாந்தமான முகம். பெட்டியை யார் அடுக்கியது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் என்றேன். வேறு யாராவது உங்களிடம் ஏதாவது கொடுத்தனுப்பினார்களா என்று கேட்டார்.

"ஆமாம்" என்றேன்.

நான் பொய் சொல்லாதவள் என்று பெருமை அடித்துக்கொள்ள வரவில்லை. எக்ஸ்சேஞ்சில் கேட்ட கேள்விக்குச் சட்டென்று சரியான பதில் சொல்லிப் பழகிய வாய் அது. மனப்பாடம் செய்தது வருவதற்குள் உண்மை வந்துவிட்டது.

"யார்?"

"எல்லாரும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். என் பெட்டி மேசைமேல் ஏறியது. துணைக்குக் காவல் உடையில் ஒரு தமிழ்ப் பெண் வந்தாள். கத்தரிக்கோலால் தையல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அதிகாரி ஒவ்வொரு பொட்டலத்தையும் தூக்கிப் பிடித்து, "இனி சியாபா புன்யா?" என்று கேட்டார். இது யாருடையது என்று அர்த்தம். சந்தைக்கு நாலு தடவை போனாலே பழகிவிடுகிற மலாய்தான் அது.

"பக்கத்து வீட்டு மணியத்தோட மச்சானுக்கு." "கோயில்காரர் தங்கச்சிக்கு." "தாப்பாவுல ரொட்டி சானாய்க் கடை பாய். அவரு பேரு எனக்குத் தெரியாது."

"பேரு தெரியாதவரு குடுத்ததயா வாங்கிட்டு வந்தீங்க?" என்று காவல்காரப் பெண் கேட்டாள். பிறகு பெட்டியின் அடிவரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல ஒங்களுதுன்னு ஏதாச்சும் இருக்கா?" என்றாள்.

"சீப்பு" என்றேன்.

எனக்குப் பின்னால் வரிசை வளைந்து வளைந்து நீண்டிருந்தது. எல்லாம் மதராஸ் விமானத்துக்கு. முக்கால்வாசிப் பேர் கையில் என்னுடையதைப் போலவே தைத்த பொட்டலங்கள். என் கதியைப் பார்த்து அவர்கள் எல்லோரும் 'என்னுது, என்னுது' என்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியாகக் கைப்பையிலிருந்து டேப்ரிக்கார்டர் வந்தது. அதிகாரியின் முகத்தில் அதுவரை இருந்த சாந்தம் போய்விட்டது. ரேடியோ, டேப் எதுவானாலும் வேலை செய்கிறதா என்று ஓட்டிக் காட்ட வேண்டும், உள்ளே வேறு எதுவும் வைக்கவில்லை என்று தெரிய வேண்டும், இல்லையென்றால் ஏற்ற முடியாது என்றார். ஏற்றாவிட்டால் அஞ்சலையின் குரல் இங்கேயே கிடந்துவிடும். ஓட்டினால் வரிசையில் நிற்கும் அத்தனை தமிழரும் அதைக் கேட்பார்கள்.

"தங்கச்சி, இதுல ஒரு பொண்ணு அவ அப்பாவுக்குப் பேசி வச்சிருக்கா. அவரு மட்டும் கேக்கணும்னு சொல்லிக் குடுத்தா. சத்தமில்லாம ஓட்டச் சொல்லேன்" என்று காவல்காரப் பெண்ணைக் கெஞ்சினேன்.

அவள் ஐயா என்பதுபோல அவரை 'துவான்' என்று அழைத்து மலாயில் ஏதோ சொன்னாள். அதிகாரி என்னை ஒரு தடவை பார்த்தார். டேப்ரிக்கார்டரைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, குனிந்து, எதையோ அமுக்கினார். கேசட்டின் சின்னச் சக்கரங்கள் இரண்டும் சுற்றத் தொடங்கின. சத்தம் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு. தலைக்கு மேல் ஒலிபெருக்கியில் ஏதோ விமானத்துக்கு அழைப்பு போய்க்கொண்டிருந்தது. அவர் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டே, "இனி சியாபா புன்யா?" என்று கேட்டார். என்னுடையதில்லை, அஞ்சலையுடையதும் இல்லை, அந்தக் கிழவர் கைக்கு இன்னும் போய்ச் சேரவும் இல்லை. "நல்லவேள, சத்தம் வரல" என்று மட்டும் என் வாயிலிருந்து வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு நிறுத்தினார். பேட்டரிகளைக் கழற்றி வைத்துக்கொண்டு, டேப்ரிக்கார்டரை என்னிடம் நீட்டினார். காவல்காரப் பெண் பொட்டலங்களைத் திரும்ப அடுக்கிக் கொடுத்தாள். தையல் போனதால் எது யாருடையது என்று ஊரில் வந்து இரண்டு நாள் குழம்பினேன். செருப்பு ஜோடி தவறான மச்சானுக்குப் போய்விட்டது.

அடுத்த வாரமே துறையூர்ப் பேருந்தில் ஏறினேன். பேருந்து நிலையத்தில் புது பேட்டரி வாங்கிப் போட்டு, விமான நிலையத்தில் ஓடிய டேப்பை மறுபடி முதலுக்குச் சுற்றி வைத்துக்கொண்டேன். கிராமத்து நிறுத்தத்தில் இறங்கி, கொளுத்துகிற வெயிலில் சோளக் காட்டு வழியாக நடக்க வேண்டியிருந்தது. ஈப்போ மழையை நான் அவ்வளவு திட்டியிருக்கக் கூடாது.

மாரிமுத்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, நேரான முதுகு. மருமகள் என்னைக் காட்டி, "மலேயாலேருந்து வந்திருக்காங்க" என்றதும் எழுந்து நிற்கப் பார்த்தார்.

"தோட்டத்துலேருந்தா வாரீங்க?"

"அஞ்சலை கிட்டேருந்து வர்றேங்க."

கோபம் தணிந்ததா என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். கேட்கப் பயந்தார் என்று நினைக்கிறேன். டேப்ரிக்கார்டரை அவர் மடியில் வைத்து, பொத்தான்களைத் தடவிக் காட்டி, விஷயத்தைச் சொன்னேன். மருமகளை ஆட்டுப்பட்டிப் பக்கம் போகச் சொன்னேன். பொத்தானை அமுக்கிவிட்டு, சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு வெளியே வந்து கிணற்றைப் பார்த்து நடந்தேன்.

கிணற்றை எட்டவில்லை. உள்ளேயிருந்து கேட்டது அஞ்சலையின் குரல் அல்ல. விமானத்துக்கு ஆள் கூப்பிடுகிற ஒலிபெருக்கி. பிறகு ஓர் ஆண் குரல், தெளிவாக, "இனி சியாபா புன்யா?" அதற்குப் பிறகு ஒரு பெண், பெரிய நிம்மதியோடு, "நல்லவேள, சத்தம் வரல." அது நான்.

வாசலுக்கு ஓடி வந்தபோது எல்லாம் விளங்கிவிட்டது. அதிகாரி அமுக்கியது பதிவுசெய்கிற சிவப்புப் பொத்தான். அதனால்தான் சத்தம் வரவில்லை. அங்கே நான் சாமிக்கு நன்றி சொல்லிக்கொண்டு நின்ற நேரம் முழுக்க, அஞ்சலை கோழிக் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசியது அழிந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். கிழவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

டக்கென்று ஒரு சத்தம். பின்னணியில் கோழி. பாதி வாக்கியத்திலிருந்து அஞ்சலை வந்தாள்.

"...அதெல்லாம் எப்பவோ போயிருச்சுப்பா. கோவம் ஒன்னும் இல்ல. நெசமாத்தான் சொல்றேன். கேக்குதாப்பா? கோவம் இல்ல."

நான் திரும்ப வெளியே போய்விட்டேன். மீதியை நான் கேட்கவில்லை. கிணற்றடியில் வாளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டேப் ஓடி நின்று அவர் கூப்பிட்டபோது போய் நடந்ததைச் சொன்னேன். முன்னால் அவள் பேசியது அழிந்துபோயிற்று, என்ன சொல்லியிருந்தாள் என்று எனக்கும் தெரியாது, அவளிடம் எழுதிக் கேட்டு மறுபடி பேசி அனுப்பச் சொல்கிறேன் என்றேன்.

"வேணாம்மா" என்றார். "அதெல்லாம்னு சொன்னாளே, அது எதெல்லாம்னு எனக்குத் தெரியும். அத அவ வாயால நான் கேக்காம இருந்ததே நல்லது." மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "மொதல்லேருந்து ஒருதரம் போடுங்க. அந்த மலாய்க்காரரு பேசுறாரே, அதுலேருந்து."

"அது எதுக்குங்க? அது ஏர்போர்ட்டு சத்தம்."

"போடுங்க. எத்தன வருஷம் ஆச்சு அந்தப் பேச்சக் கேட்டு."

சுற்றிப் போட்டேன். இந்த முறை அவர் என்னைப் போகச் சொல்லவில்லை. ஒலிபெருக்கி இரைந்தது. பிறகு அந்த அதிகாரி, சக்கரங்களைப் பார்த்துக்கொண்டு என்னிடம் கேட்டதையே, மறுபடி கேட்டார்.

"இனி சியாபா புன்யா?"

மாரிமுத்து கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். டேப்ரிக்கார்டரின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"சாயா புன்யா, துவான்" என்றார். "என்னுது."